வாய் திறக்கக் கூடாத வேலை

என் வலது கையில் ஒரு வெண்கட்டி. இடது கையில் ஓர் அளவுநாடா. பற்களுக்கு நடுவில் என் நாக்கு. அதை நானேதான் கடித்துப் பிடித்திருந்தேன், விட்டால் பேசிவிடும்.

எனக்கு முன்னால் பச்சைக் கம்பளம் ஓர் ஒழுங்கை மாதிரி நீண்டு கிடந்தது. அதன் மறுமுனையில், சிறிய இறப்பர் விரிப்பின்மேல், றெஜினா அக்கா தன் கடைசிப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். இருபதுக்கு இருபது. இனி ஒரேயொரு புள்ளி. அதை எடுப்பவர் நாட்டுத் தகுதிப் போட்டிக்குப் போவார். அங்கேயும் வென்றால் உலகப் போட்டி. எடுக்காதவர் எங்கள் கழகம் இருக்கிற புவாண்ட்-கிளேரிலிருந்து நேரே வீட்டுக்குப் போவார்.

விளையாடியது நானில்லை. ஆனாலும் அந்தக் கூடத்தில் ஆகக்கூட வியர்த்தவன் நான்தான். வெளியே மாசி மாதத்துப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே என் சேட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பழுதான பந்து

இந்த வாரம் உள்ளரங்கப் பந்துருட்டல் உலகப் போட்டியின் வரலாற்றை எழுதித் தருவதாகத்தான் பத்திரிகை ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். "உங்கட புலம்பலுக்கு நடுவில கொஞ்சம் பொது அறிவும் வரட்டும்" என்று அவர் மகிழ்ந்துபோனார். வரலாறு எழுத உட்கார்ந்தால் குறுக்கே நானே வந்து நிற்கிறேன். என்ன செய்ய?

விளையாட்டு இதுதான். ஜாக் என்று ஒரு சிறிய வெள்ளைப் பந்தை முதலில் உருட்டிவிடுவார்கள். பிறகு ஆளுக்கு நான்கு பெரிய பந்துகள், மாறி மாறி. யாருடைய பந்து ஜாக்குக்குக் கிட்டப் போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். அந்தப் பெரிய பந்து சரியான உருண்டை அல்ல. ஒருபக்கம் சாயும்படி வேண்டுமென்றே செய்திருப்பார்கள். நேரே குறிவைத்தால் வளைந்து அடுத்த வீட்டுக்குப் போகும்.

எங்கள் தேவாலயப் பங்கிலிருந்து ஒருநாள் இந்தக் கழகத்துக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள் போனோம். புதியவர்களுக்கு இலவசமாகப் பழக்குகிறார்கள், சூப்பும் பாணும் உண்டு என்று சுவாமி பூசை முடிவில் அறிவித்திருந்தார். சூப்புக்குத்தான் போனோம். முதல் பந்தை உருட்டியவர்கள் எல்லோரும் அது வளைந்து போனதைப் பார்த்து, "இது பழுதான பந்து, வேற தாங்கோ" என்றார்கள். நானும்தான்.

றெஜினா அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மன்னாரில் பிறந்தவர், கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை. இரண்டாம் பந்தை ஜாக்கைவிட்டு விலக்கித் தூர உருட்டினார். அது போய், யோசித்து, திரும்பி, ஜாக்குக்குப் பக்கத்தில் வந்து படுத்தது.

"எப்பிடியக்கா?" என்றேன்.

"எங்கட ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாத்துக்கும் ஒரு சில்லு இழுக்கும் தம்பி. லிஃப்டுக்குள்ள விடுறதெண்டால் சுவரைப் பாத்துத்தான் தள்ளோணும். இது புதிசோ?"

எல்லோரும் சூப்புக் குடித்துவிட்டுப் போனார்கள். அவர் அன்றே உறுப்பினராகச் சேர்ந்தார். அவருக்குக் கார் ஓடத் தெரியாது. நான் வேலைசெய்கிற பண்டகசாலை கழகத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் சாரதி வேலை எனக்கு வந்தது. சாரதி சும்மா இருக்கக்கூடாதென்று நானும் சேர்ந்தேன். என் பந்துகள் இன்றைக்கும் அடுத்த வீட்டுக்குத்தான் போகின்றன.

கொஞ்சம் வரலாறு

ஆசிரியருக்குக் கொடுத்த வாக்கு.

கூரைக்குக் கீழே பந்துருட்டத் தொடங்கியவர்கள் ஸ்கொட்லாந்துக்காரர் என்கிறார்கள். கோடை முழுவதும் புல்லில் உருட்டியவர்களுக்கு மாரியில் கை அரித்திருக்கிறது. கொங்கிரீட் தரையில் மரத்தூள் தூவி உருட்டிப் பார்த்தார்களாம். பிறகு கம்பளம் வந்தது. நீண்ட கூடங்கள் வந்தன. அதற்கும் பல காலத்துக்குப் பிறகு உலகப் போட்டி என்று ஒன்றை வைத்தார்கள். தொடக்கத்தில் அந்த உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே இருந்தன. அதிலும் ஆண்கள் மட்டும். பெண்களுக்கென்று ஒரு கிண்ணம் வைக்க வேண்டும் என்று ஞானம் பிறக்க மேலும் சில வருடங்கள் எடுத்தன.

தொலைக்காட்சிக்காரர்கள் ஆட்டத்தைச் சுருக்கச் சொன்னார்கள். இருபத்தொரு புள்ளிவரை ஆடினால் பார்க்கிறவர் நித்திரையாகிவிடுகிறார். எனவே உலகப் போட்டியில் ஆட்டத்தைத் துண்டாக்கும் 'செற்' முறை வந்தது. மேடை மாதிரி ஒரே கம்பளம், சுற்றிவர ஆட்கள், மிட்டாய் நிறத்தில் பந்துகள். எங்கள் கழகம் பழமைவாதி. இங்கே இன்றும் இருபத்தொன்றுதான்.

கழகத்திலிருந்து உலகப் போட்டிக்குப் போனவர் ஒரேயொருவர். அவருடைய படம் கழிவறைக்குப் போகிற வழியில் தொங்குகிறது. முதல் ஆட்டத்திலேயே தோற்றவர். அவர் தோற்றதை அங்கே யாரும் பேசுவதில்லை. போனதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இந்த விளையாட்டைப் பற்றி எல்லோரும் சொல்கிற பழைய கதை ஒன்றும் உண்டு. எதிரிக் கப்பல்கள் வருகின்றன என்று ஆள் ஓடிவந்து சொன்னபோது, ஓர் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் "ஆட்டத்தை முடித்துவிட்டு வருகிறேன்" என்றாராம். அந்த நிதானத்தை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கும். என் வீட்டில் புகை அறிவிப்பான் கத்தினால், கருகியது பாணா வீடா என்று பார்க்குமுன் நான் வீதியில் நிற்பேன், ஒரு சப்பாத்தோடு.

முழங்கால்

றெஜினா அக்காவின் இடது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. ஒப்பரேசனுக்குப் பெயர் கொடுத்து நெடுங்காலம் காத்திருந்தார். இந்த ஊரில் அப்படி ஒரு திகதி கிடைப்பது லொத்தரி விழுந்த மாதிரி. கடைசியில் விழுந்தது. நாட்டுத் தகுதிப் போட்டி நடக்கிற அதே கிழமையில்.

"ஒப்பரேசனுக்குப் பிறகு விளையாடலாமோ எண்டு கேட்டனீங்களோ?" என்றேன்.

"கேட்டனான். டொக்டர் 'பாப்பம்' எண்டவர். நான் எத்தினை வருசமா ஆஸ்பத்திரியில வேலை செய்யிறன்? டொக்டர்மார் 'பாப்பம்' எண்டால் பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை."

ஆக, அன்றைக்குத் தோற்றால் முழங்கால் கிடைக்கும். விளையாட்டு போனாலும் போகும். வென்றால் விளையாட்டு இருக்கும்; முழங்கால் மறுபடி வரிசையின் வாலுக்குப் போகும். இரண்டில் எது வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் அன்று காலையில் பந்துகளைத் துணியால் துடைத்த விதத்தைப் பார்த்தால் கேட்கத் தேவையிருக்கவில்லை.

டூகல் சொன்ன விதி

ஒற்றையர் ஆட்டத்துக்கு மார்க்கர் என்று ஒருவர் வேண்டும். ஜாக்குக்குச் சற்றுத் தள்ளி நின்று, அதைத் தொட்ட பந்துக்கு வெண்கட்டியால் கோடு போட்டு, கேட்டால் யாருடைய பந்து கிட்ட என்று சொல்ல வேண்டும். அன்று வரவேண்டிய மார்க்கரின் கார் வழியில் லாசாலில் பனிக்குள் புதைந்துவிட்டது. நடுவர் டூகல் சுற்றுமுற்றும் பார்த்தார். டூகல் ஓய்வுபெற்ற கணக்காளர்; சிரித்ததை நான் கண்டதில்லை. அவர் கண்ணில் பட்டவன் நான்.

"மிஸ்டர் குகன், விதி எளிது. கேட்டால் மட்டும் பதில். கேட்டதற்கு மட்டும் பதில். கேட்காவிட்டால் நீங்கள் ஒரு தூண்."

"தூண்," என்றேன். "விளங்குது. சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகத்தில் நான் மரமாக நடித்திருக்கிறேன். அதிலும் மரம் கடைசியில்..."

"இப்போதே தொடங்கலாம்," என்றார் டூகல்.

எனக்குப் பயம் வந்தால் வாய் ஓடும். இது ஒரு வியாதி. குடியுரிமை நேர்முகத்தில் அதிகாரி அம்மா என் பெயரைத்தான் கேட்டார். நான் பெயரைச் சொல்லி, மாகாணங்களைச் சொல்லி, தலைநகரங்களைச் சொல்லி, கேட்காமலேயே ஆறுகளுக்குப் போய்விட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

எதிராளி மடாம் ஜினெட். பாடசாலை அதிபராக இருந்தவர். மெல்லிய, நேரான அம்மா. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். றெஜினா அக்காவுக்குத்தான் சந்தேகம்.

"தம்பி, உமக்கு ஏலுமோ?"

"என்னக்கா, சும்மா நிக்கிறதுதானே."

"அதைத்தான் கேக்கிறன்."

அந்த 'ம்'

இருபதுக்கு இருபது வரும்வரை நான் தூணாகவே இருந்தேன். என் மனைவி பார்த்திருந்தால் வைத்தியரைக் கூப்பிட்டிருப்பாள்.

கடைசிச் சுற்று. மடாம் ஜினெட் தன் நான்கு பந்துகளையும் உருட்டி முடித்துவிட்டார். றெஜினா அக்காவிடம் ஒன்று மிச்சம். விளையாடுகிறவர் விரும்பினால் நடந்து வந்து பந்துகளைப் பார்த்துவிட்டுப் போகலாம். முழங்காலை நினைத்து அக்கா வரவில்லை. அங்கே நின்றபடியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

அவர் விளையாடும்போது தனக்குள் பேசிக்கொள்வார். தனக்குள் என்றால் அவருக்கு மட்டும் தெரிந்த தனக்குள். வார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். அவருடைய முணுமுணுப்புக் கார் தரிப்பிடம் வரை போகும்.

"என்ரதுதான் கிட்ட நிக்குது," என்றார் தமிழில். "இனி இதை ஒண்டையும் இடிக்காமல் ஓரமா விட்டாச் சரி."

நான், "ம்," என்றேன். தலையும் சேர்ந்து ஆடியது.

இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒருவர் பேசினால் மற்றவர் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். தொலைபேசியில் இரண்டு வசனத்துக்கு 'ம்' சொல்லாவிட்டால், "லைனில நிக்கிறியோ?" என்று அம்மா கேட்பார். எங்கள் கல்யாண வாழ்க்கையே 'ம்' மீது நிற்கிறது என்பேன். "நீங்கள் 'ம்' எண்டால் கேக்கேல்லை எண்டு அர்த்தம்" என்பாள் மனைவி. ஆக அது சம்மதமும் இல்லை, பதிலும் இல்லை. தமிழ் பேசும்போது விடுகிற மூச்சு.

மூச்சு விட்ட பிறகுதான் பந்துகளைப் பார்த்தேன்.

அக்காவின் பச்சைப் பந்து ஜாக்குக்கு முன்னால், ஒரு சாண் தள்ளி நின்றது. மடாமின் சிவப்புப் பந்து ஜாக்குக்குப் பின்னால் ஒளிந்து, நான்கு விரல் இடைவெளியில் நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைதான் கிட்ட. கிட்ட நின்று பார்த்தால் சிவப்பு. கிட்ட நின்றவன் நான். 'ம்' சொன்னவனும் நான்.

அக்கா நிம்மதியாகத் தலையசைத்துவிட்டு, கடைசிப் பந்தை ஓரமாக வீணாக்கக் குனிந்தார்.

பேசினால் விதி முறியும். பேசாவிட்டால் அவர் என்னால் தோற்பார், தோற்றது தெரியாமலே. யோசிக்க வேண்டிய இடம் இது. நான் யோசிக்கவில்லை.

"அக்கா, நில்லுங்கோ!"

பக்கத்துக் கம்பளங்களில் ஆடியவர்கள் எல்லோரும் நின்றார்கள். வெண்கட்டி விழுந்து உடைந்தது. அளவுநாடா தானாக இழுபட்டு விர்ரென்று உள்ளே போனது. டூகல் எழுந்து வந்தார்.

ஒரு மூச்சின் மீதான விசாரணை

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"நில்லுங்கோ எண்டு."

"அதற்கு முன்."

"ம்."

"அது என்ன?"

"ம்," என்றேன் மறுபடியும். ஆங்கிலத்திலும் அது அப்படித்தான் இருந்தது. "அது சொல் இல்லை, சேர். ஒருவர் பேசும்போது நாங்கள்... கேட்கிறோம் என்று... மரியாதைக்கு..."

"ஆம் என்று பொருளா?"

"இல்லை."

"இல்லை என்று பொருளா?"

"அதுவும் இல்லை."

டூகல் என்னை விட்டுவிட்டு றெஜினா அக்காவிடம் போனார். "நீங்கள் மார்க்கரிடம் ஏதாவது கேட்டீர்களா?"

"இல்லை. நான் என்ர பாட்டுக்குக் கதைச்சனான்," என்றார் அக்கா. பிறகு பிரெஞ்சில் திருப்பிச் சொன்னார்.

டூகல் நிமிர்ந்தார். "கேள்வி கேட்கப்படவில்லை. ஆகவே பதிலும் சொல்லப்படவில்லை. 'நில்லுங்கோ' என்பதும் பதில் அல்ல. ஆட்டம் தொடரலாம். யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமென்றால், முறையாகக் கேட்கலாம்."

அக்கா தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார். கூட்டல் கழித்தல் எல்லாம் அவர் முகத்தில் ஓடியது. பிறகு எல்லோருக்கும் விளங்கும்படி பிரெஞ்சில் கேட்டார்: "மார்க்கர், யாருடைய பந்து கிட்ட?"

"மடாம் ஜினெட்டினுடையது."

அவர் திட்டத்தை மாற்றினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பந்தை ஜாக்கைவிட்டு விலக்கித் தூர விட்டார். அது ஓரத்துக்கே போய்விட்டது என்று நினைத்தேன். திரும்பியது. மெல்ல, மிகவும் மெல்ல, ஜாக்கின் தோளில் உரசி நின்றது. அளக்கவே தேவையில்லை.

கை தட்டினார்கள். நான் துள்ளப் பார்த்தேன். தூண் என்பது நினைவுக்கு வந்தது.

மடாமின் கேள்வி

மடாம் ஜினெட் கைகொடுக்க வரவில்லை. நேரே என்னிடம் வந்தார். கோபம் இல்லை. அதிபர்மார் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கிற குரல்.

"பந்தைப் பிழையாகப் பார்த்தது நானாக இருந்திருந்தால், நீங்கள் கத்தியிருப்பீர்களா?"

இரண்டு பகிடிகள் நாக்கின் நுனிவரை வந்தன. அந்த முகத்துக்கு முன்னால் இரண்டும் திரும்பிப் போய்விட்டன. அவர் பிரெஞ்சில் தனக்குள் பேசியிருந்தால் நான் 'ம்' கொட்டியிருக்க மாட்டேன் என்பது உண்மை. ஆனால் அவர் பிழையாகக் குனிந்திருந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன் என்பதும் உண்மை. சந்தோசமாகவும் நின்றிருப்பேன்.

"இல்லை, மடாம்."

அவர் தலையசைத்துவிட்டு அக்காவிடம் திரும்பினார். "றெஜினா, இவரால் நான் தோற்க விரும்பவில்லை. இவரால் நீ வெல்லவும் விரும்ப மாட்டாய். இந்தச் சுற்றைத் திருப்பி ஆடுவோம். வேறு மார்க்கரோடு."

டூகல் விதிப் புத்தகத்தை எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், பிறகு இரண்டையும் மடித்து வைத்தார். "முடிவு உங்களுடையது," என்றார் அக்காவிடம். "வேண்டாம் என்றால் நீங்கள் வென்றதுதான்."

'வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அக்கா' என்று எனக்குள் ஒருவன் கத்தினான். நல்லவேளை, உள்ளேயே கத்தினான்.

அக்கா முழங்காலைத் தடவினார். ஜாக்கோடு ஒட்டி நின்ற தன் பந்தை ஒருமுறை பார்த்தார். அப்படி ஒரு பந்து இனி வராது என்பது அவருக்கும் தெரியும்.

"சரி, விளையாடுவம்," என்றார். பிறகு என்னிடம், "தம்பி, நீர் வெளியில போய்க் காரைச் சூடாக்கும்."

கார் தரிப்பிடம்

நாடுகடத்தப்பட்டேன். என் இடத்துக்கு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் போனார். கதைக்கவே தெரியாத மனிதர் என்று பெயர்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. சுவருக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று ஒரு சத்தமும் வரவில்லை. காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினேன். உலகப் போட்டியின் வரலாற்றில் வென்றவர் பெயர் இருக்கிறது, தோற்றவர் பெயர் இருக்கிறது. மார்க்கர் பெயர் எங்கேயும் இல்லை. அந்தக் குறையை நான் தீர்த்து வைத்துவிட்டேனோ என்று நினைத்து இன்னும் பலமாகச் சுரண்டினேன். முன்கண்ணாடி, பின்கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், விளக்குகள். கடைசியில் இலக்கத் தகட்டையும் துடைத்தேன்.

பின்னால் சக்கரப் பையின் சத்தம் கேட்டது. அக்கா நொண்டி நொண்டி வந்து நின்றார்.

"இது ஆற்ற கார்?"

பார்த்தேன். அதே சாம்பல் நிறம். அதே அளவு. என்னுடையது இரண்டு கார் தள்ளி, பனிக்கடியில் ஒரு மேடாக இருந்தது.

"தெரியாதக்கா."

"நல்ல வடிவாத் துடைச்சிருக்கிறீர்."

என் காரையும் சுரண்டினேன். ஏறி உட்கார்ந்தோம். சூடு வரும்வரை கையைத் தேய்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கேட்கப் பயந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தத் தபால்கார மனிசன் நல்ல மாக்கர்," என்றார். "ஆணி அடிச்ச மாதிரி நிண்டவர். நான் ஒவ்வொரு பந்துக்கும் நடந்து போய்ப் பாத்தனான். கால் உயிர் போச்சுது."

"ம்..." என்று தொடங்கி, இருமினேன்.

"நாளைக்குக் காலமை வாரும். ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து ஒப்பரேசன் திகதி வேண்டாமெண்டு சொல்லோணும். நான் எடுத்தால் எனக்கு விசரோ எண்டு ஏசுவினம், அங்க எல்லாரும் எனக்குத் தெரிஞ்ச ஆக்கள்."

அவர் வென்றுவிட்டார் என்று விளங்க எனக்கு ஒரு சிவப்பு விளக்கு எடுத்தது. பச்சை விழுந்த பிறகும் நான் நகராததால் பின்னாலிருந்தவர் ஹோன் அடித்தார்.

அடுத்தநாள் காலை

கோட்-டெ-நெய்ஜில் அவருடைய சமையலறை. வேலைக்குப் போகும் உடுப்போடு, அடுப்பின் விளிம்பைப் பிடித்தபடி தேநீர் போட்டார். பாரம் முழுவதும் வலது காலில்.

தொலைபேசியில் நெடுநேரம் பாட்டுப் போட்டபின் ஒரு பெண் வந்தார். காரணம் கேட்டார். "உலகப் போட்டி," என்றேன். "என்ன போட்டி?" என்றார். உடனே, விளையாடுவது நானில்லை, முழங்காலும் என்னுடையதில்லை என்று விளங்கப்படுத்தினேன். அவர் என் பெயரை மறுபடி கேட்டார். கடைசியில் அவர் பொறுமையாகச் சொன்னார்: இந்தத் திகதியை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. விடவா?

தொலைபேசியைப் பொத்திக்கொண்டு திரும்பினேன். "அக்கா, விட்டால் திரும்பி எப்ப கிடைக்குமெண்டு தெரியாதாம். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. அவசரமில்லை. இல்லை, அவசரம், அவ லைனில நிக்கிறா..."

"விடச் சொல்லும்."

சொன்னேன். வைத்தேன். அக்கா கதிரையில் இருந்து, இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி மற்றத் தொடைமேல் வைத்து, சப்பாத்து நாடாவைக் கட்டினார். முகம் சுருங்கியது.

"நோகுதோ அக்கா?"

"நோகாமல்?" நாடாவை இறுக்கிவிட்டு, மேசையில் கையூன்றி எழும்பினார். "இவ்வளவு காலமும் சும்மா நொந்தது. இனி ஒரு காரணத்தோட நோகட்டும்."